டப்பா காலி, தரையில் சொட்டு இல்லை

"வண்டிக்கடியில ஒரு சொட்டு இல்லீங்ணா. கூலன்ட் டப்பா மட்டும் காலியாயிட்டே போகுது." மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் அடிக்கடி கேட்கிற புகார் இது. குன்னூர் ரோடும் கோத்தகிரி ரோடும் இந்த ஊரிலிருந்துதான் மலை ஏறுகின்றன. கோயமுத்தூரிலிருந்து இங்கு வரை டெம்பரேச்சர் முள் அசையாமல் வந்த வண்டி, கல்லாறு தாண்டி இரண்டாம் கியரில் இழுக்க ஆரம்பித்ததும் உள்ளதைக் காட்டிவிடும். சீசனில் பர்லியாறு பழக்கடைகளுக்கு எதிரே பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விசாரித்தால், "போன மாசமே கொஞ்சம் குறைஞ்சுது, தண்ணி ஊத்திட்டு வந்தோம்" என்பார்கள்.

ஆயில் ஒழுகினால் கறை நிற்கும். பெட்ரோல் ஒழுகினால் மூக்கு சொல்லிவிடும். கூலன்ட் பாதிக்குப் பாதி தண்ணீர். சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும், தரை வரைக்கும் வராது. மிஞ்சுவது உப்புப் பூத்த ஒரு வெள்ளைத் தடம், அல்லது ரோஸ் தடம். அதுவும் இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையாத இடத்தில்.

*

சொட்டுக் கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. விநாடிக்கு ஒரு சொட்டாகப் பத்தே நிமிடம் ஒழுகினால் 600 சொட்டு, அதாவது 30 மில்லி. தினமும் இது நடந்தால் மாதத்துக்கு 900 மில்லி. சின்ன நாலு சிலிண்டர் காரில் மொத்தமே நாலைந்து லிட்டர்தான் பிடிக்கும். ஆக, மாதம் ஒரு லிட்டர் குறைவதற்கு வண்டி நாள் முழுக்க ஒழுக வேண்டியதில்லை. தினம் பத்து நிமிடம் ஒழுகிவிட்டு மற்ற நேரமெல்லாம் சுத்தமாகக் காய்ந்து கிடந்தாலே போதும். நாம் வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த மற்ற நேரத்தில்தான்.

அதனால்தான் என் கடையில் "எங்கே ஒழுகுது" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. எப்போது குறைகிறது என்றுதான் கேட்கிறோம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகா? மலை ஏறிய அன்றைக்கா? நிறுத்தி வைத்த வண்டியிலா, ஓடின வண்டியிலா? பொழுது விடிந்து எடுக்கும்போதா? வண்டிக்காரர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். "அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட கொண்டாந்தேன்" என்பார்கள். பிறகு யோசித்துச் சொல்வார்கள். அந்தப் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

*

வண்டியை நிறுத்தின உடனே ஒழுகுகிற வகை ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி அணைத்ததும் பம்ப் நின்றுவிடும், தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். ஹெட்டில் இருக்கிற சூடு எங்கேயும் போகாமல் அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்கும். அடுத்த பத்து நிமிடத்தில் உள்ளே சூடும் அழுத்தமும் கூடும், குறையாது. ஓடும்போது தாங்கிய ஹோஸ் பைப் அப்போதுதான் கக்கும். டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கீழே ஈரம்.

ஈரத்தைப் பார்த்துப் பதறுவதற்கு முன் ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசி போட்ட வண்டி நம்மூர் வெயிலில் தண்ணீர் சொட்டாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஏசி தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், விரலில் வழுக்காது. கூலன்ட் இரண்டு விரலுக்கு நடுவே வழவழவென்று இருக்கும்.

பழைய மேஸ்திரிகள் சிலர் நாக்கில் வைத்து, தித்தித்தால் கூலன்ட் என்பார்கள். வேண்டாம். அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான விஷம். உடம்புக்குள் போய் ஆக்சலேட் படிகமாக மாறி சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஒர்க்‌ஷாப் நாய்க்கு அந்தத் தித்திப்பு பிடிக்கும் என்பதால் கொட்டினதை அப்போதே மரத்தூள் போட்டு வாரிவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன் பையன்களிடம்.

*

மூடியைப் பற்றி.

ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை, வால்வு. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரைக்கும் உள்ளே அடக்கி வைக்கும், அதற்கு மேல் போனால் டப்பாவுக்குத் திறந்துவிடும். ஆறின பிறகு டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள நடுவில் இன்னொரு குட்டி வால்வு. அழுத்தம் ஏன் வேண்டும் என்றால், கொதிநிலைக்காக. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீரை 0.9 பார் மூடி 118 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்து வைக்கும்.

ஊட்டிக்கு வாருங்கள். 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 95 டிகிரிக்கு மேல்தான். மூடி செத்துப்போய், உள்ளே கூலன்டுக்குப் பதில் பச்சைத் தண்ணீர் இருக்கிற வண்டி ஊட்டியில் என்ன செய்யும்? ஃபேன் விழித்துக்கொள்வதற்கு முன்பே கொதித்துவிடும். "ஃபேன் ஓடவே இல்லீங்க, ஃபேன் மோட்டார் போச்சு" என்று வந்தவர்களுக்கு வெறும் மூடி மாற்றி அனுப்பியிருக்கிறோம்.

கசிவு என்றால் கூலன்ட் போவது மட்டுமல்ல, அழுத்தமும் போகிறது என்று வண்டிக்காரருக்குப் புரியவைக்க இதைத்தான் சொல்வேன். ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் அழுத்தம் நிற்காது.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 110 டிகிரியில் அடங்கி நிற்கிற தண்ணீர் மூடி கழன்ற நொடியில் நீராவியாகி முகத்துக்கு வரும்.

*

குன்னூர் ரோட்டுக்குப் பக்கத்திலேயே மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தில் ஏறும், மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 அடிக்கு ஓரடி உயரம். நீராவி இன்ஜின் போகிற வழியில் ஹில்குரோவ் மாதிரி ஸ்டேஷன்களில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போகும். அதன் பிழைப்பே தண்ணீரை ஆவியாக்கி வெளியே விடுவதில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, "கார் மலை ஏறினா தண்ணி குடிக்கும்ங்க, அது சகஜம்" என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பஸ், லாரி டிரைவர்கள் கேனில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஏறினார்கள், உண்மைதான். இப்போதைய வண்டி அப்படிக் குடித்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம்.

*

கோத்தகிரிக்கு மேலே கேரட் போடுகிற பெரியவர் ஒருவர். மண்டிக்கு வரும்போதெல்லாம் கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பவர். பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், பத்து வயசு தாண்டினது. மாதம் ஒரு லிட்டர் கூலன்ட் குடிக்கிறது என்று கொண்டுவந்தார். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் மூடி மாற்றி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் மாற்றி, வாட்டர் பாடியும், அதாவது தண்ணீர் பம்பும், மாற்றியாயிற்று. கடைசியில் "கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பயந்து இங்கே வந்தார்.

கழற்றின வாட்டர் பாடியைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமில்லை. சுற்றினால் பேரிங் சத்தமில்லை. வாட்டர் பாடியின் வயிற்றில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, வேண்டுமென்றே விட்டிருக்கிற ஒரு சின்ன ஓட்டை உண்டு. சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் நுழையாமல் அந்த வழியாக வெளியே வந்து நமக்குச் சேதி சொல்லும். இவர் கொண்டுவந்ததில் அந்த ஓட்டை காய்ந்து, தூசி படிந்து, சுத்தமாக இருந்தது. நல்ல வாட்டர் பாடி.

(அந்த ஓட்டையில் எம்சீல் வைத்து அடைத்த வண்டி ஒன்றும் வந்தது. ஒழுகல் நின்றதாம். நின்றுதான் இருந்தது. தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் பிடித்து, பெல்ட் அறுந்து, கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.)

*

"மாத்திப் பாத்துருவோம்" என்கிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மாற்றிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. வண்டிக்காரர் காசில் ஆடுகிற லாட்டரி.

கேஸ்கட்டா இல்லையா என்பதை ஹெட்டை இறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதற்குள் நீல மருந்து ஊற்றி, மேலே ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி ரேடியேட்டருக்குள் இருக்கிற காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். மருந்தின் பெயர் புரோமோதைமால் புளூ. கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் வந்திருக்கும், அதிலிருக்கிற கரியமில வாயு பட்டு நீலம் மஞ்சளாகும். பெரியவர் வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது. ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஸ்பார்க் பிளக் நாலும் ஒரே நிறம். ஹெட்டை இறக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கேஸ்கட் மேல் சந்தேகம் வருவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்று இருக்கிற இன்ஜின்களில் 400 மில்லிமீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் முக்கால் மில்லிமீட்டர் நீளும், இரும்பு அதில் பாதிகூட நீளாது. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட் ஒவ்வொரு தடவையும் அரைபடும். ஒரு தடவை நன்றாகக் கொதித்த வண்டி என்றால் நானும் முதலில் அங்கேதான் பார்ப்பேன். பெரியவர் வண்டி கொதித்ததே இல்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

*

பிரஷர் டெஸ்டர் என்பது சைக்கிள் பம்புக்கு மீட்டர் வைத்த சாமான்தான். மூடிக்குப் பதிலாக மாட்டி, கையால் அடித்து, மூடியில் எழுதியிருக்கிற அளவு வரை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் அடித்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கோ டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஹீட்டரோ வாயைப் பிளக்கும். முள் நின்றால் ஓட்டை இல்லை, இறங்கினால் இருக்கிறது.

பெரியவர் வண்டியில் மத்தியானம் 0.9 அடித்து வைத்தோம். சாப்பிட்டுவிட்டு வந்தும் முள் அங்கேயே நின்றது. கடைப் பையன், "ஓட்டையே இல்லைங்ணா இதுல" என்றான். மாதம் ஒரு லிட்டர் பிறகு எங்கே போகிறதாம்?

கூலன்டில் டை கலந்து அனுப்பினோம். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக மின்னுகிற மருந்து. சில கூலன்ட்களே அந்த வெளிச்சத்தில் மின்னும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்தார். ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு டார்ச் அடித்தால், கியர்பாக்ஸ் தலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. அதற்கு மேலே எல்லாம் இன்டேக் மேனிஃபோல்ட் மறைக்கிறது. குச்சிக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் எங்கும் ஒரே மினுமினுப்பு, எது வாய் எது வழி என்று பிரியவில்லை. விழுந்த இடம் தெரிந்தது, புறப்பட்ட இடம் தெரியவில்லை. அந்த உள்ளங்கைக்கு நேர் மேலே மூன்று சந்தேகம்: ஹீட்டர் ஹோஸ் கிளிப், ஹெட் ஓரத்தில் அடித்திருக்கிற வாட்டர் பிளக், ஹீட்டருக்குப் போகிற இரும்பு பைப் ஹவுசிங்கில் சொருகியிருக்கிற இடத்து ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம்.

மறுபடி அதே கேள்விக்குப் போனேன். எப்ப குறையுதுண்ணா? பெரியவர் யோசித்துச் சொன்னது: "காலைல எடுத்து வாசல்ல ஓட விடறப்ப ஒரு தித்திப்பு வாசம் அடிக்கும் தம்பி. கேட்டைத் தொறந்துட்டு வந்து ஏறி உக்காந்து கொஞ்ச தூரம் போறதுக்குள்ள வாசம் போயிரும். சாமி ரூம் ஊதுபத்தின்னு நெனச்சேன்."

*

குளிரில் மட்டும் ஒழுகுகிற ஒழுகல் இது. சூட்டில் ஒழுகுவதைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டம், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற எந்த வண்டியும் ஓடித்தான் வருகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி வந்து சேரும்போது இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். ராத்திரி இங்கே விட்டுப் போனாலும் நம்மூர் விடியற்காலை கோத்தகிரி மத்தியானத்துக்குச் சமம்.

ரப்பர், இரும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகச் சுருங்கி விரிகிற பொருள். புதுசாக இருக்கும்போது அது தெரியாது. அமுங்கி நிற்கிற தெம்பு அதற்கு இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிப்போன ஓ-ரிங் குளிரில் சுருங்கினால் திரும்ப எழும்பி இடைவெளியை நிரப்பாது. அதோடு, குளிர்ந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் திறக்கும். அது வரைக்கும் பம்ப் தள்ளுகிற தண்ணீர் ரேடியேட்டருக்குப் போக வழியில்லாமல் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். ரப்பர் சுருங்கியிருக்கிற அதே நேரத்தில் தண்ணீர் மிக அழுத்தமாகத் தள்ளுகிறது. எல்லாம் சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும், தெர்மோஸ்டாட் திறந்து அழுத்தமும் தணியும், ஒழுகினதும் காய்ந்துவிடும். முன்னே போட்ட கணக்கின் பத்து நிமிடம் இங்கே இருந்தது.

*

அதனால் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம், நானும் கடைப் பையனும். டிசம்பர். விடியும் முன்னே பெரியவர் வீட்டு வாசலில் வண்டி பனியில் நனைந்து நின்றது. ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். மூடியைக் கழற்றி டெஸ்டரை மாட்டி 0.9 ஏற்றினான் பையன். முள் நிற்கவில்லை. கண்ணெதிரே 0.8, 0.7 என்று இறங்கியது.

இறங்குகிறது, ஆனால் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. பெரியவர் வீட்டம்மாவிடம் முகப் பவுடர் டப்பா வாங்கி, ஹெட்டின் பின்புறத்திலும் பைப் வாயிலும் கியர்பாக்ஸ் தலையிலும் தட்டினேன். எல்லாம் வெள்ளை. மறுபடி அழுத்தம் ஏற்றிவிட்டு, குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் வெளிச்சத்தில் காத்திருந்தோம். பைப் ஹவுசிங்குக்குள் நுழைகிற விளிம்பின் அடிப்பக்கத்தில் பவுடர் ஒரு கடுகளவு கறுத்தது. கடுகு மிளகாயிற்று. பிறகு ஒரு ரோஸ் கோடு நெளிந்து நெளிந்து ஹவுசிங் வழியாக இறங்கி கியர்பாக்ஸில் விழுந்தது. ஹோஸ் கிளிப்பைச் சுற்றி பவுடர் பொட்டு ஈரமில்லை. வாட்டர் பிளக் காய்ந்திருந்தது. பெரியவரையும் கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினேன். "இதுக்கா ஹெட்டை இறக்கணும்னாங்க?" என்றார்.

டெஸ்டரைக் கழற்றி மூடியைப் போட்டு இன்ஜினை ஓட விட்டோம். கோடு வேகமாக இறங்கியது, அவர் சொன்ன தித்திப்பு வாசம் வந்தது. முள் நடுவுக்கு ஏறினதும் கோடு நின்றது.

*

கழற்றின கதை சுருக்கம். இன்டேக் மேனிஃபோல்டை எடுத்தால்தான் பைப்பை உருவ முடியும். வேலை அங்கேதான். ஓ-ரிங்கை ஊசியால் கொத்தி எடுத்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் நாலு பக்கமும் தட்டையாகி, நகம் வைத்தால் பதியாமல், வளைத்தால் ஒடிந்தது. பைப் கழுத்தில் துரு அரித்த குழிகள். 400 நம்பர் வாட்டர் பேப்பரால் சுற்றிலும் தேய்த்து வழவழப்பாக்கினோம். ஆழமாக அரித்திருந்தால் பைப்பையே மாற்றியிருப்போம்.

புது ஓ-ரிங்கைப் போடும்போது பையன் பழக்க தோஷத்தில் கிரீஸ் டப்பாவில் விரலை விட்டான். தடுத்தேன். கூலன்ட் பக்கத்து ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற ஜாதி. வெந்நீருக்கும் கூலன்டுக்கும் அசையாது, மினரல் ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். கூலன்டையே தொட்டுத் தடவிச் சொருகினால் போதும். சோப்புத் தண்ணீரும் ஆகும்.

பில்லைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சிரித்தார். ஓ-ரிங்குக்கு ஒரு டீ காசு, மேனிஃபோல்ட் கேஸ்கட்டுக்குக் கொஞ்சம், மீதி எல்லாம் கூலி. "மலை ஏறி வந்து பவுடர் போட்டதுக்குமா?" என்றார். அதற்கும்தான்.

*

மஞ்சள் தூள். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் சின்ன ஒழுகல் நிற்கும் என்பது டிரைவர்களிடம் தலைமுறையாக இருக்கிற கைவைத்தியம். நிற்கவும் செய்யும். தூள் ஊறி உப்பி ஓட்டை வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ராத்திரி நேரம், காட்டு ரோடு, வண்டியில் குழந்தைகள் என்றால் நானும் போடச் சொல்வேன். பிறகு கழுவிவிட வேண்டும். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் குழாய்கள் அகலம். இப்போதைய அலுமினிய ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் சந்துகள் மெலிசு, ஓட்டையை அடைக்கிற தூள் அதையும் அடைக்கும். கடையில் டப்பாவில் விற்கிற லீக் அடைக்கிற மருந்துகளுக்கும் இதே பேச்சுதான்.

*

பல்லடம், அவிநாசிப் பக்கத்து வண்டிகளில் வேறு மாதிரி. போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும், பிளாக்கில் அடித்திருக்கிற தகர வாட்டர் பிளக்குகளை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். ஸ்குரூடிரைவரை வைத்து லேசாகத் தட்டினால் உள்ளே போய்விடும். அந்த வண்டிகளில் ஒரு பிளக் ஒழுகினால் எல்லா பிளக்கையும் மாற்றிவிடுவது நல்லது. "மாத்திப் பாத்துருவோம்" பிடிக்காத நான் இதைச் சொல்கிறேன். எல்லாமே ஒரே தண்ணீரில் ஒரே வயசு ஊறினவை. கூலன்ட் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பேட்டரிக்கு ஊற்றுகிற அதுதான்.

*

இன்னொரு கூட்டம், "தண்ணியே கலக்காம முழுசா கூலன்ட் ஊத்துங்க, நல்லா கூலாகும்" என்கிறது. ஆகாது. சூட்டை வாரிக்கொண்டு போவதில் தண்ணீருக்கு நிகர் இல்லை, கிளைக்கால் அதில் முக்கால்கூட வாராது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினிலேயே ஆரம்பத்தில் முழுக் கிளைக்கால்தான் ஓடியது. மெர்லின் 12 என்கிற ரகத்திலிருந்து 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால் என்று மாற்றினார்கள். குளிரில் உறைவதிலும் இதே கதை: சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும், தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஊட்டி உறைபனிக்கு எது ஊற்றினாலும் பயமில்லை, லடாக் போகிறவர்கள் கவனிக்கட்டும்.

நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம் எல்லாம் கம்பெனி போடுகிற சாயம். உள்ளே இருக்கிற துருத்தடுப்பு மருந்து என்ன என்பதை நிறம் சொல்லாது. டப்பாவில் எழுதியிருக்கிறதைப் படித்து, வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

*

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது: வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைப் போட்டு, ஃபேன் ஓரிரு தடவை சுற்றி நிற்கும் வரை இன்ஜினை ஓட விட வேண்டும். ஹீட்டரில் சூடு வராமல் குளிர்காற்று வந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. முழுசாக ஆறின பிறகு டப்பாவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. முதல் சில நாளில் மட்டம் கொஞ்சம் இறங்கும், மிச்சக் காற்று வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். பெரியவரிடம் சொன்னேன். கோட்டைத் தினம் விடியற்காலை, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பாருங்கள், மத்தியானம் பார்த்தால் சூட்டில் ஏறி நிற்கும். அரை விரல் இறங்கி அங்கேயே நின்றால் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேலும் இறங்கினால் போன் பண்ணுங்கள், டெஸ்டரோடு ராத்திரியே வந்து படுத்துக்கொள்கிறோம்.